விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்போருக்கு ஒரு மறுப்பு

2023 நவம்பர் 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை (ஐ.சி.சி.) இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியதும் நாடெங்கும் ஒரே பேச்சுத்தான். அரசியல்வாதிகள் கை வைத்தார்கள், கிரிக்கெட் கெட்டது. அவர்கள் கையை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வேறெந்த விடயத்திலும் இவ்வளவு ஒத்துப்போனதாகத் தெரியவில்லை. அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என்று நீளும் எமது கிழக்குக் கரையோர ஊர்களில் இந்தக் கருத்துக்கு வலு இன்னும் அதிகம். கழகச் சுற்றுப்போட்டியின் இறுதி நாளில் மேடையை நிறைத்து உட்காரும் அரசியல்வாதியையும், தேர்தலுக்கு முந்திய மாதத்தில் மட்டும் வந்து சேரும் ஜேர்சிகளையும் பார்த்துச் சலித்துப்போன இளைஞர்களுக்கு, விளையாட்டையும் அரசியலையும் கலக்காதீர்கள் என்ற பேச்சு நியாயமாகவே படும். அந்தச் சலிப்பில் பிழையில்லை. அதிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவுதான் பிழை. பணமும் மைதானமும் கொடியும் தேசிய கீதமும் இருக்கிற இடத்தில் அரசியல் இருந்தே தீரும். அதை வெளியேற்று என்று சொல்லும்போது உண்மையில் வெளியே போவது மக்கள் கேள்வி கேட்கக்கூடிய அரசியல் மட்டுமே. கேள்வி கேட்க முடியாத அரசியல் உள்ளேயே இருந்துகொண்டு, தனக்குச் சுயாதீனம் என்று பெயர் வைத்துக்கொள்கிறது.

அந்த நவம்பரில் நடந்ததை ஒழுங்காக நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். செப்டெம்பர் 17இல் கொழும்பில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவிடம் இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. நவம்பர் 2இல் மும்பை வான்கடே மைதானத்தில், உலகக் கிண்ணப் போட்டியில், அதே அணியிடம் 55 ஓட்டங்களுக்கு. அந்த உலகக் கிண்ணத்தில் ஒன்பது போட்டிகளில் இரண்டை மட்டும் வென்று பத்து அணிகளில் ஒன்பதாவதாக முடித்தோம். 2025 சம்பியன்ஸ் கிண்ணத்துக்குரிய தகுதியும் அதோடு போனது. நவம்பர் 6இல் அன்றைய விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க, சம்மி சில்வா தலைமையிலான நிர்வாகத்தைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவொன்றை நியமித்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த நியமனத்தை இடைநிறுத்தியது. நவம்பர் 9இல் அரசாங்கமும் எதிர்க்கட்சியும் ஒன்றுசேர்ந்து, அந்த நிர்வாகம் பதவி விலக வேண்டுமென்ற பிரேரணையைப் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேற்றின. அடுத்த நாள் ஐ.சி.சி. தடை வந்தது. நவம்பர் 21இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை நடத்தும் உரிமை எம்மிடமிருந்து எடுக்கப்பட்டுத் தென்னாபிரிக்காவுக்குப் போனது. நவம்பர் 27இல் ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க அமைச்சரைப் பதவி நீக்கினார். 2024 ஜனவரி 28இல் தடை நீங்கியது. இந்த வரிசையைப் படிப்பவர் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது: கடைசியில் நின்றது யார், போனது யார்? போனவர் அமைச்சர். நின்றது நிர்வாகம். நாட்டின் சட்டவாக்க சபை ஒரே குரலில் சொன்னதை ஒரு விளையாட்டு நிர்வாகம் தாண்டி நின்றது. அப்படியிருக்க, அரசியல் கிரிக்கெட்டை அமுக்குகிறது என்று சொல்வது நடந்ததைத் தலைகீழாகச் சொல்வதாகும்.

ரணசிங்க செய்த முறையை நான் ஆதரிக்கவில்லை. தோல்வியின் சூடு ஆறுமுன் ஒரு கையொப்பத்தால் ஒரு நிர்வாகத்தைக் கலைப்பதும், அதன் இடத்தில் தனக்கு விருப்பமானவர்களை வைப்பதும் சீர்திருத்தம் ஆகாது. அதற்கு இடம் கொடுப்பது 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். தேசிய அணி எதுவாயினும் அமைச்சரின் அங்கீகாரம் பெறவேண்டும் என்ற ஏற்பாடும் அந்தச் சட்டத்தின் கீழ் வருவதே. 1999 முதல் இலங்கைக் கிரிக்கெட்டுக்கு எத்தனையோ இடைக்காலக் குழுக்கள் வந்து போயின. ஆட்சி மாறும்போதெல்லாம் முகங்களும் மாறின. இது தலையீடுதான், கெட்ட தலையீடுதான். ஆனால் ஓர் அமைச்சர் அணியின் பெயர்ப்பட்டியலில் கை வைப்பதும், பாராளுமன்றம் கணக்கைக் காட்டு என்று கேட்பதும் ஒன்றா? 2022இல் அவுஸ்திரேலியாவில் நடந்த இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்துக்குப் போன பயணத்தின் செலவுகள் பற்றிக் கணக்காய்வாளர் நாயகம் விசேட அறிக்கை ஒன்றைத் தந்திருந்தார். அதே 2023 நவம்பரில் பாராளுமன்றத்தின் கோப் குழு நிர்வாகத்தை அழைத்து விசாரித்தது. மக்கள் தெரிவு செய்தவர்கள் மக்களின் பெயரால் கேட்கவேண்டிய கேள்வி இது. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி 'அரசியல் தலையீடு' என்று முத்திரை குத்துவதால் நன்மையடைவது கணக்குக் காட்ட விரும்பாதவர்கள் மட்டுமே.

நாங்கள் திறைசேரியிலிருந்து ஒரு சதமும் எடுப்பதில்லை, எங்கள் வருமானம் ஐ.சி.சி.யிலிருந்தும் ஒளிபரப்பு உரிமையிலிருந்தும் வருகிறது, ஆகவே அரசுக்கு இங்கே வேலையில்லை என்ற வாதம் கிரிக்கெட் நிர்வாகங்களின் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும். அந்த வருமானம் எதன் பெயரால் வருகிறது? 2024 முதல் 2027 வரையான வருமானப் பங்கீட்டில் இலங்கைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 27 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. அது கொழும்பிலுள்ள சில கழகங்களின் திறமைக்குக் கிடைத்த கூலி இல்லை. இலங்கை என்ற நாட்டின் பெயருக்கு, அந்தக் கொடிக்கு, அந்த அணியைப் பார்க்கத் தொலைக்காட்சி முன் உட்காரும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு விலை வைத்துக் கிடைக்கும் பணம் அது. நாட்டின் பெயரை விற்கும் ஏகபோக உரிமை ஒரு சங்கத்திடம் இருக்கும்போது, அந்தச் சங்கத்தைத் தனியார் கடைபோல் நடத்த விடச் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்? கடற்கரையில் மீன்பிடித்துறை அமைக்கும் திணைக்களத்திடம் கணக்குக் கேட்கலாம். பாடசாலைக்கு மேசை வாங்கிய அதிபரிடம் கணக்குக் கேட்கலாம். கோடிக்கணக்கான டொலரைக் கையாளும் நிறுவனத்திடம் மட்டும் கேட்கக்கூடாதாம்.

அரசியல்வாதிகள் யோக்கியர்களா, திருடனிடம் சாவியைக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்பதுதான் எமது ஊர்களில் எழும் முதல் எதிர்க்கேள்வி. இதற்கு ஒரு வழக்கே பதில் சொல்கிறது. 2025 மே 29இல் கொழும்பு விசேட மேல் நீதிமன்றம் முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் மஹிந்தானந்த அளுத்கமகேக்கு 20 ஆண்டுகளும் முன்னாள் வர்த்தக அமைச்சர் நளின் பெர்னாண்டோவுக்கு 25 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதித்தது. 2015 ஜனாதிபதித் தேர்தலையொட்டி, கழகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் கொடுப்பதென்று அரச நிறுவனமான சதொச ஊடாக 14,000 கரம் பலகைகளும் 11,000 தாம் பலகைகளும் கொண்டுவரப்பட்டு, அரசுக்கு 53 மில்லியன் ரூபாவுக்கு மேல் நட்டம் ஏற்படுத்தப்பட்டது என்பது குற்றச்சாட்டு. விளையாட்டைத் தேர்தல் சாமானாக்கிய அசிங்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் இந்த வழக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். அந்த அமைச்சரைச் சட்டம் எட்டிப்பிடித்தது, ஏனென்றால் அவர் பகிரங்கப் பதவியில் இருந்தவர். இலஞ்ச ஊழல் சட்டம் அவருக்குப் பொருந்தும். செலவழித்த பணத்துக்கு அரச ஆவணம் இருந்தது. தேர்தலில் அவருடைய அரசாங்கத்தை மாற்ற முடிந்தது. பத்தாண்டு தாமதமாக என்றாலும் நீதி வந்தது. நிர்வாகத்தை முற்றாகத் தன்னாட்சிக்குள் பூட்டிவிட்டால் இந்த நான்கில் எது மிஞ்சும்? அரசியல்வாதி கெட்டவன் என்பதற்கான மருந்து கண்காணிப்பைக் கூட்டுவதில் இருக்கிறது. அதைக் குறைக்கச் சொல்பவர்கள் நோயை அமைச்சிலிருந்து சங்கத்துக்கு இடம் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, ஐ.சி.சி.யின் விதி எல்லாருக்கும் பொதுவானது, நாம்தான் மீறினோம் என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கையைத்தான் நான் மிக வன்மையாக மறுக்கிறேன். 2019இல் சிம்பாப்வேயும் 2023இல் இலங்கையும் அரச தலையீட்டுக்காக இடைநிறுத்தப்பட்டன. இந்தியாவில் என்ன நடந்தது? 2017 ஜனவரி 2இல் இந்திய உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர் அனுராக் தாக்கூரைப் பதவி நீக்கி, அம்மாதமே வினோத் ராய் தலைமையில் நிர்வாகக் குழுவொன்றை நியமித்தது. 2019 ஒக்டோபர் வரை அந்தக் குழுவே உலகின் மிகப் பெரிய கிரிக்கெட் நிறுவனத்தை நடத்தியது. ஐ.சி.சி. ஒரு நாள்கூட இந்தியாவை இடைநிறுத்தவில்லை. நீதிமன்றம் வேறு, அமைச்சர் வேறு என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிறகு அந்த வாரியத்தின் செயலாளராக வந்தவர் ஜெய் ஷா, இந்திய உள்துறை அமைச்சர் அமித் ஷாவின் மகன். 2024 டிசெம்பர் 1 முதல் அவர் ஐ.சி.சி.யின் தலைவர். பாகிஸ்தான் கிரிக்கெட் சபையின் தலைவர் மொஹ்சின் நக்வி, அந்நாட்டின் உள்துறை அமைச்சர்; 2025 ஏப்ரலில் ஆசியக் கிரிக்கெட் பேரவையின் தலைமையும் அவரிடம் வந்தது. பதவியிலிருக்கும் அமைச்சரே சபையின் தலைவராயிருப்பது தலையீடு ஆகாதென்றால், தெரிவு செய்யப்பட்ட பாராளுமன்றம் ஒரு பிரேரணை நிறைவேற்றுவது மட்டும் எப்படித் தலையீடாகிறது?

2025 செப்டெம்பரில் ஐக்கிய அரபு இராச்சியத்தில் நடந்த ஆசியக் கிண்ணம் இந்தக் கேள்விக்கு எல்லோர் கண்முன்னும் பதில் தந்தது. காஷ்மீரின் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்கும் அதன் பின்னான இந்திய-பாகிஸ்தான் மோதலுக்கும் பிறகு, செப்டெம்பர் 14இல் இந்திய அணி பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைகொடுக்க மறுத்தது. 28ஆம் திகதி இறுதிப் போட்டியில் வென்றும், நக்வியின் கையால் கிண்ணத்தை வாங்க மறுத்துவிட்டது. இதற்கு முன், அதே ஆண்டு சம்பியன்ஸ் கிண்ணத்தைப் பாகிஸ்தான் நடத்தியபோதும் இந்தியா அங்கு போகவில்லை. அதன் ஆட்டங்கள் டுபாய்க்கு மாற்றப்பட்டன, இறுதிப் போட்டியும் அங்கேயே நடந்தது. இரண்டு அரசாங்கங்களின் பகையை அட்டவணைக்குள் எழுதி, அதற்கேற்றபடி மைதானத்தை மாற்றிக் கொடுக்கும் ஓர் அமைப்புக்கு, சிறிய நாடொன்றிடம் வந்து அரசியலைக் கலக்காதே என்று பாடம் நடத்த எந்தத் தகுதியும் இல்லை. ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். முழு உறுப்புரிமைக்குப் பெண்கள் கிரிக்கெட்டும் வேண்டும் என்பது ஐ.சி.சி.யின் சொந்த விதி. 2021இல் தாலிபான் வந்தபின் அந்நாட்டுப் பெண்கள் ஆட முடியாமல் போனது. வீராங்கனைகள் பலர் அவுஸ்திரேலியாவில் அகதிகளாயினர். ஒரு பாலினத்தையே மைதானத்திலிருந்து துரத்தியதைவிடப் பெரிய அரச தலையீடு எதுவும் இருக்க முடியாது, ஆனாலும் உறுப்புரிமை தொடர்ந்தது. அந்நாட்டு ஆண் வீரர்களைத் தண்டிக்கவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விதி யார் மீது பாய்கிறது, யாரைத் தாண்டிப் போகிறது என்பதைக் காட்டவே சொல்கிறேன். 38.5 சதவீத வருமானம் இந்தியாவுக்கும் 4.52 சதவீதம் இலங்கைக்கும் போகிற சபையில் விதியின் எடையும் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

இந்தக் கரையில் வாழும் முஸ்லிம்களுக்கு இன்னொன்று நன்றாக நினைவிருக்கும். 2014 ஜூலையில் சவுதாம்ப்டன் டெஸ்டில் இங்கிலாந்து வீரர் மொயின் அலி காஸாவுக்காகவும் பலஸ்தீனத்துக்காகவும் கைப்பட்டி அணிந்து துடுப்பெடுத்தாடினார். அதைக் கழற்றச் சொன்னார்கள், அரசியல் என்றார்கள். அதே டெஸ்டில் இங்கிலாந்து வீரர்களின் சட்டையில் அந்நாட்டுப் படைவீரர் நல அமைப்பொன்றின் சின்னம் இருந்தது; அது அரசியலாகத் தெரியவில்லை. 2019 மார்ச்சில் ராஞ்சியில் இந்திய அணி முழுவதும் இராணுவத் தொப்பியோடு களமிறங்கியது, அதற்கு ஐ.சி.சி. அனுமதி இருந்தது. 2020இல் இங்கிலாந்தும் மேற்கிந்தியத் தீவுகளும் கறுப்பின மக்களின் உயிருக்காகச் சின்னம் அணிந்து முழந்தாளிட்டன. அதற்கும் அனுமதி இருந்தது, அது சரியான அனுமதி. 2023 டிசெம்பரில் பேர்த் டெஸ்டில் அவுஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜா தன் சப்பாத்தில் எல்லா உயிரும் சமம் என்ற கருத்தை எழுதினார். மறைக்க வைத்தார்கள். கறுப்புப் பட்டி கட்டியதற்குக் கண்டித்தார்கள். பிறகு புறாச் சின்னம் கேட்டபோதும் மறுத்தார்கள். உதைபந்தாட்டத்தில் ரஷ்யாவை 2022 பெப்ரவரியில் சில நாட்களுக்குள் விலக்க முடிந்த பீபாவால், 2024 மே மாதம் பலஸ்தீன உதைபந்தாட்டச் சங்கம் இஸ்ரேலைப் பற்றிக் கொடுத்த முறைப்பாட்டுக்கு அதே வேகத்தில் முடிவெடுக்க முடியவில்லை. ஆனால் 2025 டிசெம்பர் 5இல் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்புக்குச் சமாதான விருது கொடுக்க முடிந்தது. இதையெல்லாம் பார்த்தபிறகும் விளையாட்டு அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று எமது இளைஞர்கள் திருப்பிச் சொல்லும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. அந்த வாசகத்தால் முதலில் வாயடைக்கப்படுவது அவர்களுடைய துயரம்.

அந்த வாசகத்தின் பிறப்பையும் மறக்கலாகாது. அதை உலகெங்கும் பரப்பியவர்களில் முன்னணியில் நின்றவர்கள் நிறவெறித் தென்னாபிரிக்காவோடு ஆட விரும்பியவர்கள். 1968இல் பசில் டி ஒலிவேரா என்ற கலப்பினத்தவர் இங்கிலாந்து அணியில் சேர்க்கப்பட்டதற்காக அந்த அணியின் சுற்றுப்பயணத்தையே ஏற்க மறுத்தது தென்னாபிரிக்க அரசு. 1970 முதல் இரண்டு தசாப்தங்கள் அந்நாடு தனிமைப்படுத்தப்பட்டபோது, பாலத்தை உடைக்காதீர்கள், விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று வாதிட்டவர்கள் நிறவெறியின் நண்பர்கள். எமது நாட்டையும் அது தொட்டது. 1982இல் இலங்கையின் முதல் டெஸ்ட் அணித்தலைவர் பந்துல வர்ணபுர தலைமையில் 14 வீரர்கள் அரோசா ஸ்ரீ லங்கா என்ற பெயரில் தென்னாபிரிக்கா சென்று ஆடினர். அவர்களுக்கு 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அன்றைக்கு அந்தத் தடை சரியென்று இந்நாடு ஏற்றுக்கொண்டது. கிரிக்கெட்டில் அரசியல் இருக்கலாமா என்று அப்போது எவரும் கேட்கவில்லை, ஏனென்றால் எந்த அரசியல் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டெஸ்ட் அந்தஸ்து எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1981இல் அதைப் பெற்றுத் தந்த கிரிக்கெட் சபையின் தலைவர் காமினி திசாநாயக்க; அமைச்சரவையில் செல்வாக்கு மிக்க அமைச்சர். மறு ஆண்டு பெப்ரவரியில் பி. சரவணமுத்து பெயரிலுள்ள கொழும்பு மைதானத்தில் முதல் டெஸ்ட் நடந்தது. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்தபின், அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ணப் போட்டிகளுக்குக் கொழும்பு வர மறுத்தன. பெப்ரவரி 13இல் இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகக் கொழும்பில் இறங்கி இலங்கையோடு ஆடினார்கள். முதல் உலகக் கிண்ணத்தை நாம் வென்ற ஆண்டில், எமக்குத் துணை நின்ற அந்த ஆட்டம் முழுக்க முழுக்க ஓர் அரசியல் செயல். முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை 1995 டிசெம்பர் 26இல் மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயார் பிழையென்று கையைத் தூக்கியபோதும், 1999 ஜனவரியில் அடிலெய்டில் ரொஸ் எமர்சன் அதையே செய்தபோதும் நாடே கொதித்தது. அடிலெய்டில் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடுவரை கூட்டிப்போய் நின்றார். 2004இல் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹோவர்ட் முரளி பந்தை எறிகிறார் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டு அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு முரளி போகவில்லை. ஒரு தமிழனுக்காகச் சிங்கள அணித்தலைவர் நடுவரோடு மோதியதை இந்நாடு இன்றும் பெருமையோடு பேசுகிறது. அது அரசியல் என்பதற்காக அந்தப் பெருமையை விட்டுவிட யாரும் தயாரில்லை.

இங்கே என் வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க பலமான உதாரணம் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. 2012 செப்டெம்பரில் சென்னையில் உதைபந்தாட்டம் ஆடப்போன இலங்கைப் பாடசாலை மாணவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2013இல் ஆசிய மெய்வல்லுநர் போட்டியை நடத்த முதல்வர் ஜெயலலிதா மறுத்ததால் அது புனேக்குப் போனது. அதே ஆண்டு மார்ச்சில், ஐ.பி.எல். தொடரின் சென்னை ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் எவரும் ஆடக்கூடாதென்று தடை வந்தது. அந்தத் தடைக்குள் அகப்பட்டவர்களில் முரளிதரனும் ஒருவர். 2009இல் போரின் முடிவில் வன்னியில் நடந்ததற்கு நீதி கேட்பது நியாயமான கோரிக்கை. அதற்காகப் பள்ளிப் பிள்ளைகளையும் ஒரு மலையகத் தமிழ் வீரரையும் தண்டித்தது அநியாயம். அரசியல் கலந்தால் இப்படித்தான் அப்பாவிகள் அடிபடுவார்கள் என்று மறுதரப்பு சொல்லும். சென்னையில் நடந்தது பிழை என்பதில் எனக்கு அவர்களோடு உடன்பாடு. காரணத்தில்தான் முரண்பாடு. நிறவெறிக்கு எதிரான தடை, இனத்தை வைத்து அணியைத் தெரிந்த ஒரு சபையைக் குறிவைத்தது. குற்றம் விளையாட்டு நிர்வாகத்துக்குள்ளேயே இருந்தது. ஒடுக்கப்பட்டவர்களே அந்தத் தடையைக் கேட்டார்கள். சென்னைத் தடை பிறந்த நாட்டை வைத்து ஆளைத் தண்டித்தது. அதிகாரத்தில் உள்ள நிறுவனத்திடம் பொறுப்புக் கேட்கும் அரசியல் ஒன்று, அதிகாரமற்ற ஆளைப் பிறப்பால் ஒதுக்கும் அரசியல் இன்னொன்று. பிரித்துப் பார்க்கும் அளவுகோல் நம்மிடம் இருக்கும்போது எல்லாவற்றையும் வெளியே தள்ளு என்பது சோம்பலான தீர்ப்பு. மறுபக்கத்தில் எமது சொந்த அனுபவமும் இருக்கிறது. கொரோனாவில் இறந்த எம்மவரின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட நாட்களில், 1992 உலகக் கிண்ணத்தை வென்ற அணித்தலைவர் இம்ரான் கான் பாகிஸ்தான் பிரதமராக 2021 பெப்ரவரியில் கொழும்பு வந்தார். ஓரிரு நாட்களில் நல்லடக்கத்தை அனுமதிக்கும் வர்த்தமானி வெளியானது. அவருடைய வருகை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அப்போது ஜெனீவா மனித உரிமைகள் பேரவை அமர்வின் அழுத்தமும் இருந்தது. ஆனால் இந்தக் கரையில் எவரும் அன்று, கிரிக்கெட் வீரர் கிரிக்கெட்டை மட்டும் பேசட்டும் என்று சொல்லவில்லை.

இனி எமது மண்ணுக்கு வருவோம். இலங்கையில் ஆண்கள் சர்வதேசக் கிரிக்கெட் நடந்த மைதானங்கள் கொழும்பிலும் மொரட்டுவையிலும் கண்டியிலும் தம்புள்ளையிலும் காலியிலும் அம்பாந்தோட்டையிலும் இருக்கின்றன. அதாவது மேல், மத்திய, தென் மாகாணங்கள் மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன. அம்பாந்தோட்டைச் சூரியவெவையில் 2011 உலகக் கிண்ணத்துக்காக மைதானம் எழுந்தது, அன்றைய ஜனாதிபதியின் பெயரோடு, அவருடைய மாவட்டத்தில். வடக்கில் மண்டைதீவில் அடிக்கல் நாட்டப்பட்டதே 2025 செப்டெம்பர் 1இல்தான். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 15 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்த கிழக்கு மாகாணத்தில் அப்படி ஒரு மைதானம் இல்லை. சாந்தாங்கேணியிலும் எமது ஊர்த் திடல்களிலும் மென்பந்தில் சிக்ஸர் அடிக்கும் பையன், கடினபந்தையும் புல்தரை ஆடுகளத்தையும் பழகவேண்டுமென்றால் ஊரை விட்டுப் போகவேண்டியிருக்கிறது. மைதானம் எங்கே வரும் என்பதைத் தீர்மானிப்பது யார்? கிரிக்கெட் நிர்வாகத்தைத் தெரிவு செய்யும் வாக்குகள் நெடுங்காலமாக நூற்று நாற்பதைத் தாண்டியிருந்தன. ஒரு சிறிய நாட்டுக்கு அது மிதமிஞ்சிய எண்ணிக்கை, அவற்றில் எமது கரையின் குரல் கேட்டதில்லை. இந்த ஒழுங்கை மாற்ற எம்மிடம் உள்ள ஒரே வழி அரசியல்தான். அதை விளையாட்டில் பேசாதே என்று நாமே சொல்லிக்கொண்டால், எமக்கு எதிரான அரசியல் எந்தத் தடையுமின்றித் தொடரும்.

மீண்டும் தடை வந்தால் என்ன செய்வது என்ற பயம் கடைசியாக எஞ்சுகிறது. அது வெறும் பயம் என்று தள்ள மாட்டேன். 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை பீபாவின் தடையால் எமது உதைபந்தாட்ட அணி தெற்காசியக் கிண்ணத்தை இழந்தது. கழகக் கிரவுண்ட்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது மீளாத ஓராண்டு. றக்பிக்கும் அதே ஆண்டில் இடைநிறுத்தம் வந்தது. ஆனால் கிரிக்கெட் தடையின்போது நடந்தது வேறு. 79 நாட்களும் இலங்கை ஆடுவதற்கு அனுமதி இருந்தது. 2024 ஜனவரியில் சிம்பாப்வே கொழும்புக்கே வந்து ஆடியது. இழந்தது 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை நடத்தும் உரிமை. அந்த இழப்பையும் தவிர்க்க வழி உண்டு. இங்கிலாந்தில் 2025 ஜூலையில் உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம் நிறைவேறி, கழகங்களின் நிதியையும் உரிமையாளர்களையும் கண்காணிக்கச் சுயாதீன ஒழுங்குபடுத்தும் அமைப்பொன்று சட்டத்தால் உருவாக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் இந்தியா தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை இயற்றி, கிரிக்கெட் வாரியம் உட்பட எல்லாச் சங்கங்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. இரண்டு நாடுகளும் இடைநிறுத்தப்படவில்லை. ஓர் அமைச்சரின் கையொப்பத்தைத் தடுப்பதற்காக எழுதப்பட்ட விதியால், ஒழுங்காக விவாதித்து இயற்றப்பட்ட சட்டத்தை எளிதில் வெட்ட முடியாது என்பதற்கு இவை சான்று.

ஆகவே அம்பாறைக் கரையின் கழகங்கள் தம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கவேண்டியவை கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அணிப்பட்டியலுக்கு அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும் என்பதை 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நீக்கவேண்டும். சங்கத்தைக் கலைக்கும் அதிகாரம் தனியொரு அமைச்சரிடம் இருக்கக்கூடாது. அதற்கு ஈடாக, நாட்டின் பெயரில் ஆடும் ஒவ்வொரு சங்கத்தின் ஆண்டுக் கணக்கும் கணக்காய்வாளர் நாயகத்தால் ஆராயப்பட்டுப் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படவேண்டும். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பொதுமகனும் அதைக் கேட்டுப் பெற முடியவேண்டும். வாக்குகள் மாவட்டங்களுக்குப் பகிரப்படவேண்டும். ஐ.சி.சி. பணத்தில் ஒரு பங்கு கடினபந்து ஆடுகளங்களுக்காகக் கிழக்குக்கும் வடக்குக்கும் ஒதுக்கப்படவேண்டும். இறுதிப் போட்டிக்குப் பிரதம அதிதியாக வருபவரிடம் ஜேர்சிக்குப் பதிலாக இந்தக் கோரிக்கைகளை எழுதிக் கையளிக்கலாம். ஆம் என்றாரா, இல்லை என்றாரா என்பதை அடுத்த தேர்தல்வரை கழகப் பதிவேட்டில் வைத்திருக்கலாம்.